வீட்டுக்கு மட்டும் டவுன் பஸ்

அந்தப் புத்தகத்தச் சித்தக் குடுங்க தம்பி. பயப்படாதீங்க, கசக்க மாட்டேன். எனக்குத் தெரியாத புத்தகமா, ‘கண்மூடித் தங்கம்’! பொள்ளாச்சியில வண்டி எடுத்ததுல இருந்து தலையத் தூக்காமப் படிச்சிட்டு வர்றீங்க, நானும் பாத்துட்டேதான் வர்றேன். எத்தனாவது தடவை? மூணாவதா? கெரகம். மீசை மொளைச்ச மனுசன், படம் போட்ட கதைய மூணு தடவை படிக்கறீங்க. நானா? நான் படிக்கலீங்க. செக் பண்ணுனேன். அது வேற.

ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. இந்தத் தங்கம்ங்கற புள்ள கண்ண மூடுனா இங்க இல்ல. தெறந்தா வேற ஊர்ல நிக்கறா. அவ வேகம் என்ன? பாத்தீங்களா, சிரிக்கறீங்க. அதுக்கு வேகமே கெடையாது, சட்டுனு நடக்கறதுன்னுதானே சொல்லப் போறீங்க? எல்லாப் பயலும் அதத்தான் சொல்றான்.

ஃபோன்ல ஒரு குரூப் இருக்குதுங்க, இந்தப் புத்தகத்தப் படிச்சவங்களுக்குன்னு. ஓ, நீங்களும் அதுல இருக்கறீங்களா? அப்பச் சரி. வேலவெட்டி இல்லாத முந்நூறு பேரு, விடிஞ்சா அடைஞ்சா இதே நாயம், இதே பேச்சு. தங்கம் வேகமா, மின்னல் வேகமா? தங்கம் வேகமா, ராக்கெட்டு வேகமா? ஒருத்தன் ‘அளவே இல்லாத வேகம்’ங்கறான். அளவே இல்லையாம்! அளக்கத் தெரியாதவன் பேசற பேச்சு அது. இன்னொருத்தன் எஞ்சினீரு, பேருக்குப் பின்னாடி ரெண்டு பட்டம். அவன் என்ன பண்றான்னா, தங்கம் மறையற படத்துல காத்துல பறக்கற தூசிய எண்றான். தூசிய! அச்சடிக்கறப்ப மை தெறிச்சிருக்கும். அத எண்ணி, பெருக்கி, வகுத்து, பின்னாடி வரிசையாச் சைபரப் போட்டு அனுப்பறான். அதுக்கு நூறு பேரு கை தட்டற படம் போடறான். இவனுங்கள நம்பித்தான் பாலம் கட்ட விடறோம், பாத்துக்கோங்க.

இன்னொருத்தரு வாத்தியாரு. அவரு சொல்றாரு, தங்கம் எங்கயும் போறதே இல்லையாம். இங்க அழிஞ்சு அங்க மொளைக்கறாளாம். போகாதவளுக்கு வேகம் ஏதுன்னு கேக்கறாரு. ஏனுங்க வாத்தியாரே, இங்க இருந்தா, இப்ப அங்க இருக்கறா. நடுவுல அழிஞ்சா என்ன, மொளைச்சா என்ன? டிரைவர் எந்தச் சந்துல பூந்தான், என்ன பாட்டுப் போட்டான்னு நான் கேக்கறனா? எடுத்த நேரம் என்ன, சேந்த நேரம் என்ன. அவ்வளவுதான் கேள்வி.

என்ற பொழப்பே அதுதானுங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். தனியார் வண்டிக்காரங்க சங்கத்துல போட்ட ஆளு. போன வருசந்தான் ஓய்வு. நான் விசில் ஊதுனா வண்டி எடுக்கோணும், ஒரு டீய முழுங்கிட்டு வர்றேன்னா நடக்காது. நாச்சிமுத்து நிக்கறான்னா டிரைவரெல்லாம் ஒண்ணுக்குக்கூட ஓடித்தான் போவானுங்க. பிந்தி வந்தா ஃபைன். முந்தி வந்தாலும் ஃபைன். முந்தி வந்தா எதுக்குங்கன்னு எல்லாந் தெரிஞ்சவங்க கேப்பாங்க. முந்தி வர்றான்னா முன்னாடி போற வண்டியோட ஆளுங்கள அள்ளிட்டு வர்றான்னு அர்த்தம். பிந்தி வர்றவன் சோம்பேறி, முந்தி வர்றவன் திருடன். எங்க தொழில்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும் இது.

சரி, அட்டையத் திருப்புங்க. வரைஞ்சவ பேரு என்ன போட்டிருக்குது? நா. வினோதினி. அந்த இனிசியலு என்றதுதான். ஆமாங்க, என்ற பொண்ணு. அட, எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்க. கும்பிடற அளவுக்கு அவ ஒண்ணும் சாதிச்சிறல. பொம்மை போட்டிருக்கறா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா பேங்கு பரிச்சைக்குச் சேத்தி விட்டிருப்பேன்.

வளத்த வளப்புல கொறை சொல்ல முடியாதுங்க. காலேஜ் விட்டா வீடு. அஞ்சு இருவதுக்கு வாசல்ல இருக்கோணும். நான் மொதல் ஷிப்ட் முடிச்சுட்டுச் சேரப் போட்டு வாசல்ல உக்காந்திருப்பேன். பிந்துனா கேப்பேன், நடுவுல எங்க நின்னேன்னு. ஒருநாள் முந்தி வந்துட்டா, கடைசிப் பீரியடு இல்லைன்னு ஒரே சிரிப்பா ஓடியாந்தா, கையில ஏதோ படம் வரைஞ்சு பரிசு வாங்குன காகிதம். நான் அப்பவும் கேட்டேன். கடைசிப் பீரியடு எதுக்கில்ல, ஆரு சொன்னா இல்லைன்னு, காலேஜுக்கு ஃபோன் போடட்டுமான்னு. போட்டும் கேட்டேன். இல்லைன்னுதான் சொன்னாங்க. அது வேற விசயம். அதுக்கப்பறம் ஒருநாளும் முந்தி வந்ததில்ல பாருங்க. டாண்ணு அஞ்சு இருவதுக்குச் செருப்புச் சத்தம் கேக்கும். பக்கத்து வீட்டுச் சரசா, உங்க புள்ள ஸ்டாப்புல கல்லு மேல தனியா உக்காந்திருக்குதுங்கன்னு அப்பப்ப வந்து சொல்லுவா. ஊர் வாய மூட முடியுமா? டயத்துக்கு வர்ற புள்ள எதுக்குங்க கல்லு மேல உக்காரோணும்?

அப்படி வளத்த புள்ளைதான், ரெண்டு வருசம் முன்னாடி, பெங்களூர்ல வேலைன்னு அவங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. எங்கிட்ட மூச்சில்ல. நான் டியூட்டியில நிக்கறேங்க. என்ற ஸ்டாண்டுல, என்ற கண்ணு முன்னாடி, கோயமுத்தூர் வண்டி ஏறியிருக்கறா. அந்த வண்டிக்கு விசில் ஊதி அனுப்புனதே நாந்தான். பொழுதோட வீட்டுக்குப் போனதுக்கப்பறம்தான் அவங்கம்மா சொல்றா. வண்டி டயத்துக்கு எடுத்துச்சு, அதுல தப்புச் சொல்ல முடியாது.

அன்னைக்கிருந்து எங்கிட்டப் பேச்சில்ல. அவங்கம்மாகிட்டத் தெனமும் பேசறா. நான் உள்ள வந்தா ஃபோன் வெடுக்குனு அமந்துரும். எனக்கென்ன வந்துச்சு? பேசுனாப் பேசட்டும், பேசாட்டிப் போகட்டும். அந்தா, மூணாவது சீட்டு, மஞ்சச் சேலை, மடியில தூக்குப்போசி. அதுதான் அவங்கம்மா, ருக்மணி. எங்கூட உக்கார மாட்டாளாம். வழியெல்லாம் வேகம் வேகம்னு உயிர எடுப்பீங்க, ஆரோ ஒரு தம்பி மாட்டட்டும்னு சொல்லிட்டு லேடீஸ் சீட்டுக்குப் போயிட்டா. போசியில கச்சாயம். புள்ளைக்குச் சுட்டு எடுத்துட்டு வர்றா. நேத்துப் பூரா வீடே வெல்ல வாசம், எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தா, அதுவும் கருகுனது.

கிணத்துக்கடவா? ஏறட்டும் ஏறட்டும், ஊரையே ஏத்திட்டு வா. கண்டக்டரப் பாருங்க, மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவன் மாதிரி நிக்கறான்.

எங்க விட்டேன்? வேகம். பன்னெண்டாம் பக்கம் எடுங்க. அடுப்படியில குக்கர் விசில் அடிக்க ஆரம்பிக்குது, ‘உஸ்ஸ்’னு எழுத்து இருக்குதுங்களா? அப்பத்தான் கண்ண மூடறா. அடுத்த படத்துல நிலாவுல நிக்கறா. குனிஞ்சு ஒரு பிடி மண்ணு அள்ளறா. அதுக்கடுத்த படத்துல திரும்பவும் அடுப்படி, அந்த ‘உஸ்ஸ்’ இன்னும் முடியல, வாலு தொங்கிட்டிருக்குது. அப்ப என்ன அர்த்தம்? ஒரு விசிலுக்குள்ள நிலாவுக்குப் போயிட்டு வந்துட்டா. முந்நூறு பேரு தூசிய எண்ணிட்டுக் கெடந்தானுங்களே, ஒருத்தன் கண்ணுலயாவது குக்கர் பட்டுச்சா? எவன் வீட்டுலயும் அடுப்பே பத்த வெக்கறதில்ல போல.

நேரா அடுப்படிக்குப் போனேன். ருக்கு, குக்கர வைன்னேன். எதுக்குங்கன்னா. நிலாவுக்குப் போகோணும், வைன்னேன். அதுல ஒரு சிக்கலுங்க. அரிசின்னா விசில் ஒரு நீளம், பருப்புன்னா ஒரு நீளம். உள்ள என்ன வேகுதுன்னு புத்தகத்துல போடல. அரைகொறை வேலை! இவ படத்த வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்துட்டு, கொள்ளுங்கன்னா. எப்படித் தெரியும்ன்னேன். ‘இது நம்ம குக்கருங்க. கைப்பிடி ஒடஞ்சு நான் கம்பி சுத்துனது அப்படியே போட்டிருக்கறா பாருங்க. புள்ளைக்குப் புடிக்கும்னு வியாழக்கெழமையானா கொள்ளுதான் வெப்பேன்’ங்கறா. என்ன பேச்சு இது? கம்பி சுத்தாத குக்கரு எந்த வீட்டுல இருக்குது? எல்லாக் குக்கரும் ஒண்ணுதான்னேன். முந்தானையில கண்ணத் தொடச்சிட்டா. ஆவி பட்டிருக்கும்.

கொள்ளு வெச்சு அளந்தேன். நாலு செகண்டு விசிலு. கொள்ளு வெச்சு அளந்தேன்னு குரூப்புல போட்டேன். உடனே அந்த எஞ்சினீரு குதிக்கறான், மண்ணு அள்ளுன நேரத்தக் கழிச்சீங்களான்னு. எங்கிட்டயா? ஓடற நேரம் வேற, நிக்கற நேரம் வேறன்னு எனக்கா சொல்லித் தர்றான்? பொறக்கடைக்குப் போயி நானே குனிஞ்சு ஒரு பிடி மண்ணு அள்ளிப் பாத்தேன். ஒரு செகண்டு. இடுப்புப் புடிச்சுட்டுது, அது கெடக்குது. மிச்சம் மூணு. நிலாவுக்குப் போக வர ஏழரை லட்சம் கிலோமீட்டருச் சொச்சம். வகுத்துப் பாருங்க, செகண்டுக்கு ரெண்டரை லட்சந்தான் வருது. வெளிச்சம் மூணு லட்சம் ஓடுதுங்க! ஏழெட்டு மாசமா வெளிச்சத்த விட ஆயிரம் மடங்குன்னு குதிச்சவனுங்க வாயில ஈ போறது தெரியாம உக்காந்திருந்தானுங்க. ஒருத்தன் ‘ஐயா, நீங்க எந்த யுனிவர்சிட்டி’ன்னு கேட்டான். பஸ் ஸ்டாண்டுடான்னு சொல்லலாம்னு பாத்தேன். சொல்லல. பேர மாத்தித்தானே சேந்திருந்தேன், ‘பஸ் ஸ்டாண்டு டைம்’னு. நான் ஆருன்னு ஒருத்தனுக்குந் தெரியாது. என்ன சிரிக்கறீங்க?

அந்தக் கணக்குப் பெருசில்லீங்க. பெரிய ஓட்டை நாப்பதாம் பக்கத்துல இருக்குது. கடலுக்குப் போறா, கண்ண மூடறா. பனிமலைக்குப் போறா, கண்ண மூடறா. வீட்டுக்குப் போறப்ப? பஸ் ஸ்டாண்டுல வந்து கண்ணத் தெறக்கறா! அங்க இருந்து டவுன் பஸ்ஸுல ஏறி, தொங்கிட்டு வந்து, ஸ்டாப்புல எறங்கறா. எறங்குனவ வீட்டுக்காவது போறாளா? கல்லு மேல உக்காந்துக்கறா. நாலு பக்கம்! பேச்சில்ல, ஒண்ணுமில்ல. காலாட்டறா. வெயில் எறங்குது. ஒரு நாய் வருது, மோந்து பாக்குது, போகுது. காகிதம் சும்மா வருதா? என்னது, அந்த நாலு பக்கந்தான் உங்களுக்குப் புடிச்சுதா? அழுதீங்களா? வெளங்கிரும்.

நிலாவுக்கு ஒரு விசில் நேரத்துல போறவ, வீட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கறா. இத ஒரு பயலும் கேக்கல. அப்பறம் அந்த வீட்டு வாசல்ல ஒரு ஆளு சேர்ல உக்காந்திருக்கறான் பாருங்க. மொகமே போடல. கையும் வாட்சுந்தான். மொகம் வரையத் தெரியாதவ எதுக்குப் புத்தகம் போடறா? வாட்ச மட்டும் ஒழுங்காப் போட்டிருக்கறா, உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கறான். நேரம் பாக்கற தொழில்காரன் அப்படித்தான் கட்டுவான், விசில் புடிச்ச கையத் திருப்பாமயே மணி தெரியோணும். என்ன தம்பி, என்ற கையையே பாக்கறீங்க? மணி வேணுமா? பத்து அம்பது. ஈச்சனாரி வந்து அஞ்சு நிமிசம் ஆகியிருக்கோணும், இந்த டிரைவர் உருப்படமாட்டான்.

கதை முடியறதும் அப்படித்தான். அவ வந்து கேட்டுக்கு வெளிய நிக்கறா, அந்தாளு வாட்சப் பாக்கறான், முடிஞ்சுது. உள்ள வான்னு சொன்னானா, எங்க போனேன்னு கேட்டானா, ஒண்ணுந் தெரியல. காசு குடுத்து வாங்குனவன் கேக்க மாட்டானா?

நான் கேட்டேன். குரூப்புல நீட்டி எழுதிப் போட்டேன். எல்லாத்தையும் கூட்டி வகுத்தா உங்க தங்கம் டவுன் பஸ்ஸ விட மெதுவு, வரைஞ்சவளுக்குக் கணக்கு வராதுன்னு. குரூப்பே ரெண்டாயிருச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க. அன்னைக்குப் பொழுதோட அவளே வந்தா, வரைஞ்சவளே. அத்தன பேர விட்டுட்டு எனக்குத்தான் பதிலு. ‘அவளோட வேகத்துல கொறை இல்லைங்க. அந்த வீட்டுக்கு முந்திப் போனாலும் கேள்வி, பிந்திப் போனாலும் கேள்வி. அதனாலதான் உக்காந்துட்டுப் போறா.’ அவ்வளவுதான். இது ஒரு பதிலா? வேகத்தக் கேட்டா வீட்டச் சொல்றா. அதுக்குங் கீழ, ‘சாப்பிட்டீங்களா? கொள்ளு ரெண்டு நாளைக்குச் சேந்தாப்புல சாப்பிடாதீங்க, உங்களுக்குச் சூடு’ன்னு ஒரு வரி. முன்னப்பின்னத் தெரியாத ஆளுகிட்டச் சாப்பிட்டீங்களான்னு கேக்கறா பாருங்க. பொம்பளப்புள்ள இப்படியா ஊரே பாக்க எழுதறது?

பதிலா? போடல. என்னத்தப் போடறது? மூணு நாளா அந்த வரியவே எடுத்து எடுத்துப் பாத்துட்டிருந்தேன்னு ருக்மணி சொல்லுவா. நம்பாதீங்க. கண்ணாடி மாத்துனேன், எழுத்துத் தெரியுதான்னு பாத்தேன்.

அதுக்கப்பறந்தான் புள்ள இவகிட்டச் சொல்லியிருக்கறா. ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல புத்தகக் கண்காட்சி, கையெழுத்துப் போட வர்றேன், அப்பாவும் வரட்டும். ஆனா வாட்ச் கட்டாம வரோணும். கட்டிட்டு வந்தா எந்திரிச்சுப் போயிருவேன்னு. கேட்டீங்களா கூத்த? பெத்தவனுக்குக் கண்டிசன்! வாட்சு என்ன கடிக்குமா? பாம்பா? முப்பது வருசம் கட்டுன வாட்சு. குளிக்கறப்பக்கூடக் கழட்டுனதில்ல.  கெளம்பறப்ப இவ என்ற கையப் பாத்தா, போசியத் தூக்கிட்டு முன்னாடி நடந்துட்டா. நானும் விடறதா இல்ல. கட்டிட்டுத்தான் வந்திருக்கறேன். மைக்கு குடுப்பாங்கல்ல? எந்திரிச்சுக் கேப்பேன். நிலாவுக்கு ஒரு விசிலு, வீட்டுக்கு ஒரு மணி நேரமா, என்னம்மா கணக்கு இதுன்னு. அத்தன பேர் முன்னாடி சொல்லட்டும்.

சுந்தராபுரமா? அதுக்குள்ளயா? இவ்வளவு நேரம் ஊந்துட்டு வந்தவன் இப்ப எதுக்கு இப்படிப் பறக்கறான்? முந்திப் போயி எவன் ஆளுங்கள அள்ளப் போறான்? யோவ், மெதுவாப் போய்யா! சொன்னாக் கேக்கறானா பாருங்க.

தம்பி, நீங்க படிச்சவரு. அந்தச் சேர்ல உக்காந்திருக்கறவனுக்கு மொகம் போடாம விட்டாளே, அது வரையத் தெரியாமயா இருக்கும்? நாய்க்குக்கூட மொகம் போட்டிருக்கறா. ஒருவேளை, போட்டா ஆருன்னு தெரிஞ்சிரும்னு விட்டாளா? அந்தாளு மேல அந்த அளவுக்காவது... சரி விடுங்க. சொல்லாதீங்க. உங்கள நான் கேக்கவே இல்ல.

உக்கடம் வந்துருச்சு. நீங்களும் கண்காட்சிக்குத்தானே? அப்ப இருங்க, ருக்மணி எறங்கட்டும். திரும்பிப் பாக்கறா பாருங்க, என்னப் பாக்கல, கையத்தான் பாக்கறா. இந்தப் பட்டை ஒண்ணு, அவசரத்துக்குக் கழலாது. புடிங்க இந்தக் கையச் சித்த. ம், வந்துருச்சு. ஏ அப்பா, கட்டுன எடம் மட்டும் எப்படி வெளுத்துக் கெடக்குது, நோயாளி கையாட்டம். சட்டைய எறக்கி விட்டா மறைஞ்சிருமுங்களா?

இந்தாங்க. உங்க பையில போட்டுக்கோங்க. இவகிட்டக் குடுக்கலாம், குடுத்தாச் சிரிப்பா. அதெனக்கு வேண்டாம். நான் போயி வரிசையில நிக்கறேன். எனக்கும் ஒரு புத்தகம் வாங்கி அவளுக்கு முன்னாடி நீட்டறேன், பேரு என்னங்கன்னு கேட்டாச் சொல்றேன். அவ பேச ஆரம்பிச்சா நேரமாகும், ரெண்டு வருசத்துப் பேச்சு. ஆகட்டும். நீங்க வாசல்ல ஒரு டீ குடிச்சிட்டு நில்லுங்க, என்ற கணக்குல குடிங்க. எத்தன நேரமானாலும் மணி பாக்காதீங்க.

நான் வெசயா, போன கையோட வெளிய வந்துட்டன்னா, ஒண்ணுங் கேக்காதீங்க தம்பி. வாட்ச மட்டும் குடுத்துருங்க.